யாரோ ஒருவர் பிள்ளைக்காக நான் செய்த ஜெபம்

அன்பானவர்களே, நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். எங்கள் சபையில் கேட்டால் என்னைக் கேலிக்காரன் என்பார்கள். சபை விருந்தான அசனப் பந்தியில் எந்த வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறதோ அங்கே சாம்பார் வாளியோடு நான் நிற்பேன். வெளியே அப்படி. உள்ளே, மகள் இரண்டு தும்மல் தும்மினால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். அப்படிப்பட்டவனைப் போன வருஷம் ஆண்டவர் எப்படிக் கைப்பிடித்தார் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டோடு சேர்ந்தது தறிக்கூடம். ஆறு விசைத்தறிகள். காலையில் ஓடத் தொடங்கினால் பொழுது சாயும்வரை கடகடவென்று ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. உப்பு கேட்பதைக்கூட ஊருக்கு அறிவிப்பதுபோலத்தான் கேட்போம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள் பெனிட்டா எங்கள் எல்லாரையும் மிஞ்சினவள். அவள் ரகசியம் சொன்னால் மூன்றாம் வீட்டிலிருந்து பதில் வரும்.

ஜூன் மாதம் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். ஊருக்கு வெளியே ஒரு பெரிய பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்களும் நல்லவர்கள்தான். வாசலுக்கே வேன் வரும். பளபளவென்று ஷூ. "அங்கன பிள்ளைக இங்கிலீஷ்லதான் தும்மும்" என்று, எதிர்த்தெருவில் தறி வைத்திருக்கும் என் கூட்டாளி முத்தையா அண்ணாச்சியிடம் பீற்றிக்கொண்டேன்.

முதல் வாரம் டைரியில், மிகவும் சத்தமாகப் பேசுகிறாள் என்று எழுதி வந்தது. இரண்டாம் வாரமும் அதுவே. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். ஜூலையில் வேறு மாதிரி எழுதி வந்தது: நல்ல முன்னேற்றம், இப்போது அமைதியாக இருக்கிறாள்.

நான் செய்த மடத்தனத்தைக் கேளுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றி சொல்லிப் போடும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் 'மகள் அமைதியானதற்காக' என்று எழுதிப் போட்டேன். குருவானவர் அதை வாசித்தபோது சபையே சிரித்தது. நானும் எழுந்து நாலாபக்கமும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

என் மனைவி செல்வராணி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏங்க, பிள்ள ஸ்கூல் விட்டு வந்தா ஒரு வார்த்த பேச மாட்டக்கா. சோறு வேணுமான்னு கேட்டா தலைய ஆட்டுதா. எனக்கு வயித்தக் கலக்குது."

"ஏட்டி, இந்த வீட்டுல ஒருத்தியாவது பேசாம இருக்காளேன்னு சந்தோஷப்படு."

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். பயம் வந்தால் நான் செய்வது ஒன்றுதான், ஒரு நக்கலைச் சொல்லி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வது. அன்றும் அதைத்தான் செய்தேன்.

எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவான ஆடித்தபசு அன்று பள்ளிக்கூடம் லீவு. ஊரே தெருவில் நிற்கும் நாளில் பிள்ளையை வீட்டுக்குள் எப்படிப் பூட்டிவைப்பது? பலூன் வாங்கித் தரலாம் என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். ரத வீதியில் முத்தையா அண்ணாச்சி நின்றார். நூல் வியாபாரி ஒருவர் மாடு முட்ட வந்தபோது ஓடிய கதையை அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். அந்தக் கதைக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கை மாடு, ஒரு கை வியாபாரி. மகளின் கையை விட்டேன்.

அண்ணாச்சி சிரித்து முடித்தார். நான் குனிந்து பார்த்தேன். பிள்ளை இல்லை.

என் உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் கால் வழியாகத் தரையில் இறங்கியது போல் இருந்தது. "பெனி! ஏட்டி பெனி!" என்று கத்தினேன். சோளக்கதிர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். யாரோ பெற்ற பிள்ளையின் முகத்தைத் திருப்பிப் பார்த்து அதன் அம்மாவிடம் வசை வாங்கினேன். ஒருமுறை என் சட்டைப்பையைக்கூடத் தடவிப் பார்த்தேன். ஆறு வயதுப் பிள்ளையைச் சட்டைப்பையில் தேடியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறகு ஒரு தைரியம் வந்தது. அவள் யார்? தறிக்காரன் மகள். கத்துவாள். கத்தினால் நாலு தெரு கேட்கும். கூட்டத்தின் நடுவே நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். கொட்டுச் சத்தம் கேட்டது, பீப்பீ சத்தம் கேட்டது. என் மகள் குரல் கேட்கவில்லை. அப்படியானால் கேட்காத தூரத்துக்கு யாரோ தூக்கிப் போய்விட்டார்கள்.

அப்போது ஒலிபெருக்கியில் ஒரு பெண் போலீஸ் குரல்: "வாய் பேச முடியாத பெண் குழந்தை ஒன்று காவல் உதவி மையத்தில் இருக்கிறது. பெற்றோர் தக்க அடையாளம் சொல்லி அழைத்துச் செல்லவும்."

எங்கள் சபையின் ஆண்கள் ஐக்கியத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், உள்ளே இருப்பவர் யாராக இருந்தாலும் நின்ற இடத்திலேயே ஒரு வரி ஜெபிப்போம். அந்தப் பழக்கத்தில் வாய் தானாக ஜெபித்தது. "ஆண்டவரே, அது பாவம், வாயில்லாப் பிள்ளை. அதன் தகப்பன் கண்ணைத் திறந்து முதலில் அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். என் பிள்ளைக்கு வாய் இருக்கிறது, கத்திக்கொள்வாள். என்னை அதற்கு அடுத்தபடியாகப் பார்த்தால் போதும்."

பெருந்தன்மையைப் பார்த்தீர்களா? ஆண்டவருக்கே வரிசை ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே அறிவிப்பு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்த அப்பன்வே இவன்? வாய் பேசாத பிள்ளைய விட்டுட்டு எங்கன போய்த் தொலைஞ்சான்?"

"அந்த அப்பன பொறவு வைவோம்வே. நம்ம பிள்ளைய அங்கன எழுதிக் குடுப்போம், வாரும்" என்று அண்ணாச்சி என் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

உதவி மையப் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். கால் தரையில் எட்டவில்லை. கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. வலது கை ஆள்காட்டி விரல் உதட்டின்மேல் குறுக்கே இருந்தது.

"இது ஒங்க பிள்ளையா அண்ணாச்சி?" என்று அந்தப் போலீஸ் பெண் கேட்டார். "பொறவிலேயே பேச்சு வராதோ?"

"பேசுவாம்மா. எங்க தெருவே கேக்கும்."

"ஒரு வார்த்த பேசலயே. பேரு கேட்டேன், அப்பா பேரு கேட்டேன். வெரல வாயில இருந்து எடுக்க மாட்டக்கா. நீங்கதான் அப்பான்னு நான் எப்படி நம்பி அனுப்ப?"

நான் மண்டியிட்டேன். "பெனி, அப்பான்னு ஒரு தடவ சொல்லு மக்கா."

அவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. விரல் அசையவில்லை. ஆடித்தபசுக் கூட்டத்தில் ஆயிரம் பேர் நடுவில், என் மகள் என்னை அப்பா என்று சொல்லப் பயந்தாள். அதைவிடப் பெரிய பயத்தை நான் இதுவரை கண்டதில்லை. முத்தையா அண்ணாச்சி தன் போனில் இருந்த எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் போட்டோவைக் காட்டிய பிறகுதான் பிள்ளையை என்னிடம் தந்தார்கள்.

தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். சந்து திரும்பிய பிறகு காதுக்குள் மூச்சுக்காற்று மாதிரி கேட்டது: "சத்தம் போட்டா கிளாசுக்கு வெளிய நிக்க வைப்பாங்கப்பா."

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியது. கண்ணைத் திறக்கவேண்டும் என்று எந்தத் தகப்பனுக்காகக் கேட்டேனோ அவன் நான்தான். வேண்டுதலை அனுப்பிய விலாசமே தப்பு. ஆனாலும் அது சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தெருவிலேயே அழுதேன். எதிரே வந்தவர்கள் எனக்குத்தான் யாரோ காணாமல் போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

டாக்டர் காதையும் நாக்கையும் பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றுமில்லை, பயம்தான் என்றார். "பயத்துக்கு டானிக் இருக்கா டாக்டர்?" என்றேன். "யாருக்கு, ஒங்களுக்கா?" என்று கேட்டார். என் கை மேஜையைப் பிடித்துக்கொண்டு நடுங்குவதை அப்போதுதான் பார்த்தேன்.

அந்த வாரம் நானும் செல்வராணியும் உபவாசம் இருந்து ஜெபித்தோம். பள்ளியை மாற்றி எங்கே சேர்ப்பது? வருஷ நடுவில் யார் எடுப்பார்கள்? அங்கேயும் பேசாவிட்டால்? ஆமென் சொல்லும் முன்பே அடுத்த பயம் வந்து வாசலில் நிற்கும். மூன்றாம் நாள் செல்வராணி சொன்னாள்: "ஊரெல்லாம் யோசிச்சீங்க. நம்ம பின்தெரு பள்ளிக்கூடத்த யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. அது பழைய ஓட்டுக் கட்டடம், தமிழ் வழி, இரண்டு பக்கமும் தறிக்கூடம். அங்கே பாடம் படிக்கிற பிள்ளைகளுக்கு வாயைவிடக் காதுதான் பெரிதாக வளரும் என்று பல வருஷமாக நக்கலடித்தவன் நான். அந்த வாசலில் போய் எந்த முகத்தோடு நிற்பது? தலை குனிந்துதான் நின்றேன்.

தலைமை ஆசிரியை கமலா டீச்சர் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தியே பேசினார். பெனிட்டாவிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. "இந்தா, இந்தச் சாக்பீச பிடி. போர்டுல ஒனக்குப் பிடிச்சத வரை." என்னிடம், "பேச வைக்கணும்னு அவசரப்படாதிய. எங்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்றார். மனது லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

பழைய பள்ளியில் டி.சி. கேட்டபோது, "இப்போதுதானே பிள்ளை செட் ஆகியிருக்கிறாள்? வகுப்பிலேயே இவள்தான் அமைதி" என்றார்கள். உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். நான் டி.சி.யை வாங்கிக்கொண்டு வேகமாக வெளியே வந்தேன்.

புதுப் பள்ளியில் முதல் நாள் போனது. சாயங்காலம் "பேசுனியா மக்கா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாம் நாள் அதே. மூன்றாம் நாளிலிருந்து கேட்கப் பயந்து கேட்பதையே விட்டுவிட்டேன். ஆனால் பத்து மணி ஆனால் கால் தானாகப் பின்தெருவுக்கு நடக்கும். பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் போய் நின்று காதைச் சுவரோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஜெபிப்பேன். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. இங்கே என் தறியில் நூல் அறுந்து கிடக்கும், அங்கே நான் பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக் கிடப்பேன். "வே, பள்ளிக்கூடத்துல ஓடு கழட்டப் போறீரா? ஆளுக சந்தேகப்படுதாக" என்றார் முத்தையா அண்ணாச்சி. இரண்டு வாரம் இப்படி. ஆண்டவரே, இது என் நக்கலுக்கெல்லாம் தண்டனை என்றால் என் வாயைக் கட்டும், அவள் வாயைத் திறந்துவிடும் என்று கெஞ்சினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. வழக்கம்போலச் சுவரோடு நின்றேன். திடீரென்று கரண்டு போனது. தெருவில் இருந்த தறியெல்லாம் ஒரே நொடியில் நின்றன. காதே அடைத்துப்போனது போல ஓர் அமைதி. அந்த அமைதிக்குள் ஒரு குரல் வந்தது:

"டீச்சர்! இவ என் எடத்துல உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டக்கா டீச்சர்! ஏட்டி, எந்திரிட்டி!"

நாலு தெரு கேட்கும் குரல். என் மகள் குரல்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கமலா டீச்சர் வெளியே எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, கீழ உக்காந்துட்டிய?"

"டீச்சர், பேசுதா டீச்சர்..."

"நாலு நாளாப் பேசுதா. எனக்குத் தலவலியே வந்துட்டு. ஒங்ககிட்ட இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

நாலு நாள்! நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அவளைப் பேசவையும் என்று அழுத நாலு நாளும் அந்தப் பக்கம் அவள் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆண்டவர் தந்து முடித்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்த பக்தன் நான்.

வீட்டில் பேச இன்னும் பத்து நாள் ஆயிற்று. முதல் வார்த்தை அப்பா என்றுதான் வரும் என்று காத்திருந்தேன். "அம்மா, மீன் கொழம்புல புளி ஜாஸ்தி" என்று வந்தது. அதுவும் போதும், ஸ்தோத்திரம்.

எனக்குப் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. அவள் ஐந்து நிமிஷம் பேசாமல் படம் வரைந்தால் என் நெஞ்சு இன்றைக்கும் அடித்துக்கொள்கிறது. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. முன்பு பயத்தைச் சிரிப்பால் மூடினேன். இப்போது, "எனக்குப் பயமா இருக்கு, நீ சொல்லு" என்று மகளிடமும் மனைவியிடமும் கேட்கிறேன். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அற்புதம் என்று விளங்கும்.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது பிள்ளையைப் பற்றி ஒரு கலக்கம் இருந்தால், தைரியம் வரட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். எனக்குத் தைரியம் வரவே இல்லை. பற்கள் தந்தியடிக்க, சொல்லத் தெரியாமல், தப்பும் தவறுமாகத்தான் ஜெபித்தேன். அதை அவர் திருத்தி எடுத்துக்கொண்டார். நீங்களும் நடுங்கிக்கொண்டே வாருங்கள். நடுங்கும் கையை அவர் உதறுவதில்லை.