காலை மட்டும் எடுத்துராதீங்க மாமா!

சின்ன டிராக்டர்தானே, அதில் என்ன பெரிய ஆபத்து வந்துவிடப் போகிறது? போன ஞாயிற்றுக்கிழமை காலை வரை நானும் இப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் மனைவியின் தம்பி தங்கவேலுக்குக் குண்டடம் பக்கம் கோழிப்பண்ணை. போர் மோட்டார் எரிந்துவிட்டது. ஷெட் நிறையக் குஞ்சுகள்... வெளியே சித்திரை வெயில். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் டேங்கை நிரப்பி, டிராக்டரில் இழுத்துக்கொண்டு வந்தோம். மேடு ஏறும்போது 'புஸ்ஸ்...' — முன் டயர் பஞ்சர்!

ஸ்டெப்னி இல்லை. ஹேண்ட் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. தங்கவேல் டேங்கின் சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தான். என்னை சீட்டில் உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னான். ஜாக்கி ஏற்றி வீலைக் கழற்றினான்.

"தண்ணியைத் திறந்து விட்டா பாரம் குறையுமே மாப்ள?"

"குஞ்செல்லாம் செத்துப்போயிருமுங்க மாமா."

அந்த வழியாக வந்த மொபெட்டை நிறுத்தி, வீலோடு பின்னால் ஏறிக்கொண்டான்.

"காலை மட்டும் எடுத்துராதீங்க மாமா!"

போய்விட்டான்.

முன்னால் ஒற்றை ஜாக்கி. பின்னால் டேங்க் நிறையத் தண்ணீர். நடுவில் நான். டேங்கில் தண்ணீர் 'தளக்'கென்று அசையும்போதெல்லாம் வண்டி பின்னால் நகர்வதுபோலவே இருந்தது. நகர்ந்ததா, பிரமையா? இறங்கிப் பார்க்கவும் முடியாது! செல்போனை எடுத்தேன். டவர் இல்லை.

அப்போதுதான் பின்னால் ஹாரன். திரும்பினால் — டேங்கை ஒட்டி ஒரு பனியன் கம்பெனி வேன்; ஞாயிறன்றும் ஷிப்ட் போல. உள்ளே நிறையப் பெண்கள்.

ஜன்னலில் ஒரு பெண் தலையை நீட்டினார். தெற்கத்திப் பேச்சு. "ஏன் அண்ணாச்சி, நடு ரோட்டுல மறிச்சி உக்காந்திருக்கிய?"

"வேனைப் பின்னால எடுக்கச் சொல்லும்மா! நான் காலை எடுத்தா வண்டி உங்க மேல வந்துரும்!"

என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, அப்புறம் கேள்வியே கேட்கவில்லை. வேன் பின்னால் போனது. எல்லாரும் இறங்கினார்கள். ஆளுக்கொரு கல்லாகப் பொறுக்கி வந்து டிராக்டர் சக்கரங்களுக்கும் முட்டுக் கொடுத்தார்கள்.

"இனி நவுராது. காலை எடுங்க அண்ணாச்சி."

எடுக்கவில்லை. என் கால் யார் பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை. வேலைக்கு நேரமாகியும் அவர்கள் கிளம்பவில்லை. "பயப்படாதிய, நாங்க நிக்கோம்லா" என்று ஓரமாக நின்றார்கள்.

தங்கவேல் வந்தான். வீலை மாட்டினான். என்னைக் கைத்தாங்கலாகத்தான் இறக்க வேண்டியிருந்தது.

பண்ணையில் குஞ்சுகள் வாயைப் பிளந்து கிடந்தன. தண்ணீர் ஊற்றியதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடி வந்தன. சுவரோரம் கிடந்த சில மட்டும் எழுந்திருக்கவில்லை. தங்கவேல் அவற்றைப் பொறுக்கிக் கூடையில் போட்டான். "மத்ததெல்லாம் பொழச்சுக்குமுங்க மாமா" என்றான்.

ஒன்று புரிந்தது. ஓடியாடி வேலை பார்ப்பவனுக்குப் பயப்பட நேரமே இல்லை. 'அசையாம உட்காரு' என்று சொல்லப்பட்டவன்தான் மொத்தப் பயத்தையும் சுமக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, டிராக்டரெல்லாம் ஓட்டுனீங்களாமா? தம்பி சொன்னான்."

ஓட்டினேனே... ஓர் அங்குலம்கூட நகராமல்!