ஒழுகும் டப்பும் உறைந்த தோளும்

கீழே விழவில்லை, அடிபடவில்லை. ஒருநாள் காலை ஸ்வெட்டர் போடக் கையைத் தூக்கினேன், வலது கை தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது. டாக்டர் அதற்கு ‘ஃப்ரோஸன் ஷோல்டர்’ என்றார். உறைந்த தோளாம். நியூ ஜெர்சியில் குளம் உறையும், குழாய் உறையும், தெரிந்த விஷயம். என் தோளுமா? எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

தினமும் வெந்நீரில் ஊறிக் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிப் பழக்கு, ஜனவரிக் கடைசியில் வா என்றார் டாக்டர். அப்போதும் ஏறாவிட்டால் மயக்கமருந்து கொடுத்துக் கையை இழுத்துத்தான் விடவேண்டும் என்றும் சொன்னார். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். வீடு வரும் வரை காரில் கோழிக் காலைத் திருகுவதுபோல் யாரோ என் கையைத் திருகுவதாகவும், நான் அது தெரியாமல் தூங்குவதாகவும் நினைத்து நினைத்து நடுங்கினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் வாங்கிய அந்த வீட்டின் பின்பக்க மரத் தளமான டெக்கில், பழைய சொந்தக்காரர்கள் விட்டுப்போன ஹாட் டப் ஒன்று இருந்தது. யாரார் உட்கார்ந்த தொட்டியோ என்று என் கணவர் அதைத் தொடவே மாட்டார். எனக்கோ அது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதை. வேலையிலிருந்து வந்ததும் நைட்டியோடு, தலையில் கம்பளித் தொப்பியோடு, சுற்றிலும் பனி கிடக்க, கழுத்தளவு வெந்நீரில் இறங்கிவிடுவேன். டப்பின் சுவரில் விரல்களை நண்டு மாதிரி மேலே மேலே ஊரவிடுவேன். கை ஏறியதாக ஒருநாளும் தோன்றவில்லை. ஆனால் அந்த அரைமணி நேரம்தான் வலி கொஞ்சம் அடங்கியிருக்கும்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. தினம் இரண்டு விரற்கடை. தண்ணீர் இன்னும் இறங்கினால் வெந்நீரைச் சுற்றவிடும் பம்ப் காற்றை இழுத்து நின்றுவிடும், அது நின்றால் அந்தக் குளிரில் குழாயெல்லாம் உறைந்து வெடித்துவிடும். ரிப்பேர்காரருக்குப் போன் செய்தேன். அடியெல்லாம் ஐஸாக இருக்கும்போது எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க முடியாது, தண்ணீரை இறைத்துவிட்டு மூடி வையுங்கள், வசந்தத்தில் வருகிறேன் என்றார்.

“அவரே சொல்லிட்டாரு. மூடிடலாம், ஏப்ரல்ல பாத்துக்கலாம்,” என்றார் கணவர். குரலில் ஒரு நிம்மதி.

“ஏப்ரல் வரைக்கும் என் கை வெயிட் பண்ணுமாங்க?”

“நீ சாஃப்ட்வேர் எஞ்சினியர். நானும் சாஃப்ட்வேர். நமக்கு ஸ்க்ரூட்ரைவர் புடிக்கவாவது தெரியுமா?”

“புரோகிராம்ல பக் எங்கன்னு தேடத் தெரியுமில்ல? அது போதும்.”

நான் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி. கல்யாணமான புதிதிலேயே அவருக்கு அது தெரியும். பூட்ஸை மாட்டிக்கொண்டார்.

டப்பின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். பம்ப் ஓடிய ஒரு மணி நேரத்தில் பொட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. பம்பை நிறுத்திவைத்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் அசையவே இல்லை. ஆக, ஒழுகுவது தொட்டி அல்ல, பம்ப் தள்ளும் குழாயில்தான் எங்கேயோ. பக்கவாட்டுப் பலகையைக் கழற்றினோம். உள்ளே பம்ப், ஹீட்டர், குழாய்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வெள்ளைப் பனிக்கட்டி. புதுச் சொட்டு எது, பழைய ஐஸ் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

தண்ணீருக்கு நிறம் கொடுத்தால் தெரியுமே என்று மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினேன். அது அடியில் போய் மண்டியாகப் படிந்து, ஃபில்டரை அடைத்து, என் நைட்டியை நாசமாக்கியது. ஒழுகல் மட்டும் தெரியவில்லை.

“ரசம் ரெடியா?” என்றார் கணவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மறுநாள் ஃபில்டரைக் கழுவிப் போட்டுவிட்டு, சமையலறையிலிருந்த கேசரிப் பவுடர் டப்பாவை அப்படியே கவிழ்த்தேன். டப் முழுக்க ஆரஞ்சு நிறம். பம்பைப் போட்டுவிட்டு இருவரும் டார்ச்சோடு குனிந்து காத்திருந்தோம். பத்து நிமிடம் இருக்கும். வெள்ளை ஐஸின் மேல் ஆரஞ்சாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. ஹீட்டரின் பின்முனையில் குழாயை இணைக்கும் பெரிய பிளாஸ்டிக் நட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சனிக்கிழமை கணவர் கடைக்குப் போய் அந்த நட்டுக்குள் போடும் ரப்பர் வளையம் வாங்கிவந்தார். உள்ளே உறையாமல் இருக்க ஒரு நூறு வாட் பல்பை எரியவிட்டு, பம்பை நிறுத்தி, இரண்டு வால்வையும் மூடினோம். அவர் நீளமான குறடைப் பக்கவாட்டில் விட்டு எப்படியோ நட்டைக் கழற்றிப் புது வளையத்தைப் போட்டுவிட்டார். திரும்ப மாட்டும்போதுதான் வினை. பிளாஸ்டிக் மரை, குறடால் மாட்டினால் பிய்ந்துவிடும், விரலால்தான் திருகவேண்டும். அவருடைய கை அந்த இடுக்கில் நுழையவில்லை. நான் இடது கையை விட்டுப் பார்த்தேன், குழாய் தடுத்தது.

“விடும்மா. வேற யாரையாவது கூப்பிடலாம்.”

“திங்கட்கிழமை வரைக்கும் பல்ப் தாங்குமா? தள்ளுங்க.”

பழைய ரஜாய்ப் போர்வையை டெக்கில் விரித்து, தலையை டப்பின் பக்கம் வைத்து மல்லாந்து படுத்தேன். வலது கையைத் தலைக்கு மேலே நீட்டி இடுக்குக்குள் விட்டேன். தோளில் நெருப்பு வைத்ததுபோல் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நட்டு விரலில் தட்டுப்பட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மரை சரியாக விழுந்தது.

“உன் கை எங்க இருக்குன்னு பாத்தியா?” என்றார் கணவர்.

“பேசாதீங்க, இன்னும் அரைச் சுத்து இருக்கு.”

இறுக்கிவிட்டேன். அவர் வால்வைத் திறந்து பம்பைப் போட்டார். டார்ச் வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்தார்.

“ஒரு சொட்டு இல்ல. வெளிய வா.”

நான் அசையவில்லை. என் கை காதை ஒட்டி நேராகத் தலைக்கு மேலே நீண்டிருந்தது. மூன்று மாதமாகப் போகாத இடம். இறக்கிவிட்டால் இனி அங்கே ஏறாதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கண்ணீர் காதுக்குள் வழிய, நட்டை விடாமல் பிடித்தபடி அப்படியே கிடந்தேன்.