டேஷ்போர்டுக்குக் காட்டிய கற்பூரம்

சிட்லபாக்கம் வீட்டு வாசலில், என் கணவர் தன் பழைய அம்பாசடரின் டேஷ்போர்டில் தேக்கு வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, ஒட்டினார். பசையில் தூசி படக்கூடாதென்று கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

முடித்ததும் டேஷ்போர்டு பிள்ளையாரைத் திரும்ப வைத்து, "வெள்ளிக்கிழமைடி, சாமிக்குக் கற்பூரம் காட்டு" என்றார். எரியும் கற்பூரத் தட்டோடு கதவைத் திறந்தேன். உள்ளே அடைந்திருந்த பசையின் ஆவி, பெட்ரோல் மாதிரி, குபீரென்று பற்றிக்கொண்டது. அலறியவரைச் சட்டையைப் பிடித்துத் தரையில் இழுத்துப் போட்டு, வாசலில் கிடந்த ஈரச் சாக்கால் அடித்து அடித்து அவர் மேல் பற்றிய தீயை அணைத்தேன். பின்னால் கார் கண்ணாடி வெடித்துச் சிதறியது.

ஆஸ்பத்திரியில் முகமெல்லாம் கொப்புளத்தோடு, "வெனீர் நல்லா ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டார். இன்னும் நாலு அடி கொடுக்கலாம் போலிருந்தது.

இப்போது அவர் பசை டப்பாவைத் திறக்குமுன் கார் கதவுகள் நான்கையும் நானே திறந்து வைக்கிறேன். பசை காயும்வரை பிள்ளையாரும் தீப்பெட்டியும் வீட்டுக்குள்தான்.