அக்கா பவளத்துக்கு டிரிப்ஸ் ஏற்றிய கதை

என் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்கு வந்த பிறகும் நர்ஸ்தான். தொட்டிச் செடி வாடினால் இலையை இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பாள். விருந்தாளி யாராவது வந்தால், வாங்க என்று சொல்வதற்கு முன்பே அவர்கள் கண் வெளுத்திருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து முடித்திருப்பாள். நல்ல ஆரோக்கியமான ஆளிடம் அவளுக்குப் பேச விஷயமே கிடையாது. அதனால்தான் அவள் வீட்டுக்குப் பவளம் ஒன்று வந்து சேர்ந்ததும், அதையும் நோயாளிக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

பவளத்தைக் கொண்டுவந்தது பாப்பா. பாப்பா என்றதும் இடுப்பில் இருக்கும் குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். அக்காவின் ஒரே மகள். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புத் தண்ணீர் நிரப்பி, இரண்டு மீன்களை விட்டிருந்தாள். வெளியூரில் வேலை கிடைத்துக் கிளம்புகிற நாளில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பவளத் துண்டைக் கல்லில் ஒட்டி உள்ளே இறக்கினாள். "நான் திரும்பி வர்றப்ப இது உள்ளங்கை அளவு ஆகியிருக்கணும். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கணும்" என்றாள். 'சேர்ந்து' என்ற வார்த்தையில்தான் பெண்ணுக்கு உலகம் தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது.

பவளம் என்பது உயிர். தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ளும். அதற்கு வேண்டிய செங்கல்லும் சிமெண்டும் தண்ணீரில் கரைந்திருக்க வேண்டும். ஒன்று கால்சியம், இன்னொன்று ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரில் இருக்கும் காரச் சத்து. பவளம் வளர வளர இரண்டும் குறையும். நாம் தினமும் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். குறைந்தால் வளர்ச்சி நிற்கும். ஒன்று எகிறிவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளைத் தூளாகித் தரையில் உட்கார்ந்துவிடும். பவளத்தின் நுனியும் வெந்துபோகும். இதெல்லாம் பாப்பா போனில் எனக்குப் பாடம் எடுத்தது. நான் மாடியில் குடியிருப்பவள், கல்யாணம் ஆகாதவள், ஆகவே எனக்கு நேரம் நிறைய இருக்கும் என்பது குடும்பத்தின் தீர்மானம்.

அக்காவின் வைத்தியம் சுண்ணாம்புத் தண்ணீர். சுண்ணாம்பைக் கரைத்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் டிரிப்ஸ் பாட்டிலில் ஊற்றி, ஸ்டாண்டில் தொங்கவிட்டு, தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விட்டாள். இரண்டு சத்தும் ஒரே தண்ணீரில் சம அளவில் போய்ச் சேரும் என்பது அவள் வாதம். கூடம் வார்டு ஆகிவிட்டது. கேஸ் சிலிண்டர் போட வந்தவர் ஸ்டாண்டைப் பார்த்ததும் செருப்பை ஓசையில்லாமல் கழற்றி, "யாருக்கும்மா உடம்பு முடியல?" என்று கேட்டார். அக்கா தொட்டியைக் காட்டினாள். மனிதர் அதற்குப் பிறகு சிலிண்டரை வாசலோடு வைத்துவிட்டுப் போகிறார்.

அத்தான் பேக்கரி வைத்திருக்கிறார். நாள் விட்டு நாள் அவர் முறை, அப்போது அவருக்கு வேறு வழி. சமையல் சோடாவை ஓவனில் வறுத்துக் கரைத்தால் ஆல்கலினிட்டி. கால்சியத்துக்கு இன்னொரு உப்புக் கரைசல். இரண்டு பாட்டில். ஒன்றை ஊற்றி, தண்ணீர் நன்றாகச் சுழன்று கலந்த பிறகுதான் மற்றதை ஊற்ற வேண்டும். அளவெல்லாம் கைதான். "மாவு பிசையிறவன் கைக்குத் தராசு எதுக்கு?" என்பார். சொட்டு எண்ணுகிற கையும் அள்ளிப் போடுகிற கையும் ஒரே வீட்டில் இத்தனை வருஷம் எப்படி ஒத்துப்போயின என்பதே எனக்கு அதிசயம்தான்.

ஒத்துப்போனதும் ஒருநாள் முடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாக ஆள் வேண்டும் என்று போன். அக்கா போட்டது போட்டபடி ஓடினாள். டிரிப்ஸ் குழாயின் திருகு தளர்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அத்தான் கடையிலிருந்து வந்து பார்த்தபோது பாட்டில் காலி, தொட்டி முழுக்கப் பால். இரண்டு மீனும் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. தண்ணீரை மாற்றி எப்படியோ காப்பாற்றிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். அக்கா உள்ளே நுழைந்ததும், "ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் தொறந்து விட்டுட்டு ஓடுவியா?" என்று கேட்டுவிட்டார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பது என்பார்களே, அது. அக்காவைச் சோம்பேறி என்று சொல்லியிருக்கலாம், சமையல் வாயில் வைக்க வழியில்லை என்று சொல்லியிருக்கலாம், அவள் சிரித்திருப்பாள். வேலையைத் தொட்டது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஸ்டாண்டை மடக்கிப் பரணில் போட்டாள். அவரோடு பேச்சையும் நிறுத்தினாள். எனக்கு அக்காவை நினைத்துப் பாவமாக இருந்தது, அத்தானை நினைத்தால் எரிச்சலாக வந்தது. பன்னில் இனிப்புக் குறைந்தால் முன்பின் தெரியாதவரிடம்கூடக் கைகூப்பி மன்னிப்புக் கேட்கிற மனுஷர், வீட்டில் மட்டும் வாயில் மாவு அடைத்த மாதிரி நின்றார்.

அன்றிலிருந்து மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "உங்க அத்தான்கிட்ட சாப்பாடு மேஜையில இருக்குன்னு சொல்லு." "ஏம்மா, உங்க அக்காகிட்ட பவளத்த இனிமே நானே பாத்துக்கறேன்னு சொல்லிடு." மூவரும் ஒரே அறையில்தான் நிற்போம். நான் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினால் போதும், சேதி போய்ச் சேர்ந்ததாக அர்த்தம்.

பாப்பா திரும்பி வரும் தேதி சொன்னாள். பரிசோதனை மருந்து தீர்ந்துபோயிருந்தது. தொட்டித் தண்ணீரில் அதைச் சில சொட்டு விட்டு நிறம் மாறுவதைப் பார்த்தால்தான் தண்ணீரில் என்ன கூடியிருக்கிறது, என்ன குறைந்திருக்கிறது என்று தெரியும். தானே வாங்கி வருவதாகச் சொன்னாள். அதுவரை கண்மதிப்புதான். அந்த நேரம் பார்த்துப் பவளத்தின் நுனிகள் வெளுக்க ஆரம்பித்தன. வீடியோவில் பார்த்த பாப்பா கேட்டாள், "அம்மா, அது செத்துருமா?" ஆஸ்பத்திரியில் இத்தனை பேருக்குக் கண்ணை மூடிவிட்ட அக்கா, ஒரு நகத்துண்டு விஷயத்தில் போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

நாளுக்கு நாள் வெளுப்பு நுனியிலிருந்து கீழே பரவியது. தொட்டியைச் சூடாக வைக்கும் கம்பியின் மேல் மாவு அப்பியது போல வெள்ளையாகப் படிந்தது. சத்துப் போதவில்லை என்று அத்தான் அளவைக் கூட்டினார். நான் அவர் சொன்னதை நம்பினேன்.

அக்காவுக்கு விடுமுறை நாள். சேதி சொல்ல என்னைக் கீழே கூப்பிட்டிருந்தாள். இறங்கி வந்தால், அவள் தொட்டியின் முன்னால் குனிந்து நிற்கிறாள். கையில் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச். அதற்குள் மிச்சமாகக் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள். அதே நேரம் வாசலில் அத்தான் ஸ்கூட்டர். சிரிஞ்சை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. முழங்கையில் மாவோடு நேராகத் தொட்டிக்கு வந்தார். சோடா பாட்டிலைத் திறந்தார், சாய்த்தார். விழுந்த இடத்திலிருந்து வெள்ளை மேகம் ஒன்று புகைந்து எழுந்தது.

"ஊத்தாதீங்க!" என்று அக்கா கத்தினாள். "நான் இப்பத்தான் ஊத்தினேன்!"

அவ்வளவு நாள் கழித்து அவருக்குக் கிடைத்த முதல் வார்த்தை அது. பாட்டிலைக் கையில் பிடித்தபடியே அவர் திரும்பினார்.

"இப்பத்தானா?"

"தினமும்தான். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி. நீங்க மறந்துருவீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஒருநாள்கூட மறக்கலையே. நுனி வெளுக்குதுன்னு ரெண்டு மடங்கா ஊத்தினேன்."

"நானும் ரெண்டு மடங்குதான்."

பவளம் பட்டினியில் வாடவில்லை. இரண்டு வீட்டுச் சாப்பாட்டைத் தின்று திணறிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா முறைத்த முறைப்பில் உள்ளே போய்விட்டது.

பிறகு வேலை. இரண்டு பேரும் ஊற்றுவதை அடியோடு நிறுத்தினார்கள். புது உப்புத் தண்ணீர் கலக்கி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றத் தொடங்கினார்கள். அத்தான் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். ஒரு மடக்கு உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் போய்ப் புரையேறியது. அக்கா முதுகில் தட்டினாள். கண்ணில் நீர் வழிய, இருமலுக்கு நடுவில் அவர் சொன்னார், "அன்னிக்கு ஆஸ்பத்திரியப் பத்திப் பேசினது தப்பு. பேசியிருக்கவே கூடாது."

"குனிங்க. இன்னும் தட்டணும்" என்றாள் அக்கா. கொஞ்சம் ஓங்கித்தான் தட்டினாள் என்று எனக்குத் தோன்றியது.

வெளுப்பு நின்றதும் புது ஏற்பாடு. காலையில் அக்கா கால்சியம், மதியம் அத்தான் சோடா. ஊற்றியவர் மற்றவருக்குப் போன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மற்றவர் பாட்டிலைத் தொடக் கூடாது. முதலில் "ஊத்தியாச்சு", "சரி" என்பதோடு முடிந்தது. பிறகு "ஊத்தியாச்சு, சாப்பிட்டியா?" ஆயிற்று. அப்புறம் ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டிலில் யார் அழுதார்கள், பேக்கரியில் எந்தத் தட்டில் ரஸ்க் கருகியது என்பதெல்லாம் சேர்ந்துகொண்டது. என்னுடைய தபால் உத்தியோகம் போயிற்று. சேதி சொல்லக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை என்று எனக்கு லேசாகக் கோபமும் வந்தது.

பாப்பா வந்தாள். பவளம் உள்ளங்கை அளவு இல்லை, பிஸ்கட் அளவுதான். ஆனால் நுனிகளில் புது நிறம் ஏறியிருந்தது. கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு மெஷினை எடுத்தாள். இரண்டு குழாய், இரண்டு குட்டி மோட்டார். "இனிமே யாரும் ஊத்த வேணாம், ஞாபகம் வெச்சுக்க வேணாம், போன் பண்ண வேணாம். ஒருதடவை செட் பண்ணிட்டா தானா அளந்து விடும்."

அத்தான் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கரண்ட் போனா?" என்றார்.

"குழாய் அடைச்சுக்கிட்டா?" என்றாள் அக்கா.

இருவரும் ஒரே பக்கம் நின்று பேசியதை அன்றுதான் பார்த்தேன். பாப்பா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மறுநாள் மதியம் அக்காவின் போன் அடித்தது. "ஊத்தியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து ஜன்னலோரம் போனாள். ஊற்றியிருக்க வழியே இல்லை. அத்தான் இன்னும் பேக்கரியில்தான் இருந்தார். சோடா பாட்டில் எங்கள் கண்ணெதிரே தொட்டியின் பக்கத்தில் நின்றது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே, "ம்... அப்புறம்?" என்றாள்.

பாப்பா மெஷினின் குழாய்களைச் சுருட்டி, மறுபடி பெட்டிக்குள் வைத்தாள்.