பால் காய்ச்சிய வீடுகள்

திருவந்திபுரம் போகிற சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் அப்போது மூன்றே வீடுகள் இருந்தன. கடைசி வீடு என்னுடையது. கட்டி நான்காம் வருஷம் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவளுடைய தம்பி, என் மச்சான், ஞாயிறு தவறாமல் சிதம்பரத்திலிருந்து போன் செய்வான்.

"ஒண்டியா அங்க என்னாதான் பண்றீங்க மாமா? இங்க வந்துடுங்களேன்."

"உங்க ஊரு பஸ் ஸ்டாண்டு கும்பலப் பாத்தாலே எனக்குத் தலை சுத்துது மச்சான். நமக்கு ஆவாது."

கும்பல் பிடிக்காத மனுஷன் என்று அவனையும் நம்ப வைத்து, என்னையும் நம்ப வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து எதிர்க் கொல்லையில் பொக்லைன் இறங்கியது. கரும்பு போய், மனைக்கு மனை கலர் கொடிகள் முளைத்தன. நாற்பது வீடு வரப்போகிறதாம். சுவரோடு சுவர் ஒட்டி, வீட்டுக்கு வீடு ஒரு போர்வெல், வீட்டுக்கு வீடு ஒரு செப்டிக் டேங்க்.

எனக்கு அன்றைக்கே தண்ணீர்க் கவலை பிடித்துக்கொண்டது. என் போர்த் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். அதைக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் இந்த இடத்தை விடமாட்டேன் என்று நின்றாள். நாற்பது போர் உறிஞ்சினால் தண்ணீர் உப்பாகும், பிறகு வற்றும், பிறகு நான் மூட்டை கட்டவேண்டியதுதான். தினமும் விடிந்ததும் ஒரு வாய் குடித்து ருசி பார்த்தேன். மூன்றாம் நாளே கரித்தது. பதறியடித்து மச்சானை வரவழைத்தேன். அவன் ஒரு சொம்புத் தண்ணீரையும் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"அங்க இன்னும் ஒரு போருகூட போடல. அதுக்குள்ள உப்பா? தண்ணி நல்லாத்தான் இருக்கு மாமா. நாக்கத்தான் டாக்டராண்ட காட்டணும்."

நான் நாக்கை டாக்டரிடம் காட்டவில்லை, பெருமாளிடம் போனேன். திருவந்திபுரம் கோயில் கிணற்றில் உப்பும் மிளகும் வெல்லமும் போட்டு வேண்டிக்கொள்வது வழக்கம். மற்றவர்கள் மரு உதிரப் போடுவார்கள். தன் தண்ணீரில் உப்பு ஏறக்கூடாது என்று வேறொரு கிணற்றில் உப்பைக் கொட்டிய ஒரே பக்தன் நானாகத்தான் இருப்பேன்.

கிராம சபையிலும் எழுந்து நின்றேன். குடிதண்ணீர், சாக்கடை, நெரிசல் என்று மூச்சு விடாமல் பேசினேன். "நாங்கள் எங்கே போவோம்?" என்று முடித்தேன். கூட வருவதாகச் சொன்ன இரண்டு வீட்டுக்காரர்களில் ஒருவர் வரவேயில்லை. இன்னொருவர் கடைசி வரிசையில் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மனை விலை ஏறுகிற சந்தோஷம் அவருக்கு.

தலைவர் கேட்டார்: "நாங்க நாங்கன்றீங்களே சார், உங்க வூட்ல எத்தினி பேரு?"

"மோட்டாரையும் சேத்தா ரெண்டு."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. நான் பேசியதில் அவர்களுக்கு நினைவில் நின்றது அது ஒன்றுதான்.

வீடுகள் எழும்பின. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ஒரு புதுமனை புகுவிழா. பக்கத்து வீட்டுக்காரன் என்று எல்லாவற்றுக்கும் அழைப்பு வந்தது. எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்தது ஒரே பசுமாடு. நாலாவது விழாவில் அது என்னைப் பார்த்துத் தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

நான் கணக்குப் போடாதது ஒன்று இருந்தது. பால் காய்ச்சியவர்கள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஒருவர் துபாய், ஒருவர் சென்னை, ஒருவர் நெய்வேலி குவார்ட்டர்ஸ். குடிவர அல்ல, வாங்கிப் போட்டிருக்கிறார்கள். நெய்வேலி அம்மா சாவியோடு என் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, பால் காச்சின வூட்ட மொத ராத்திரி இருட்டா விடக்கூடாது. எங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது. சாயங்காலம் ஒரு லைட்டு மட்டும் போட்டு வுடுறீங்களா?"

போட்டேன். அதைப் பார்த்து அடுத்தவர் கொடுத்தார். முதல் ராத்திரிக்கு என்று வந்த சாவிகள் திரும்பிப் போகவில்லை. ஆள் இருப்பது போலத் தெரியட்டும் என்று தினமும் போடச் சொன்னார்கள். என் சமையலறையில் மனைவி கரண்டி மாட்டிய ஆணிகள் எல்லாவற்றிலும் இப்போது சாவிகள். ஆறு மணிக்கு மேல் ஒவ்வொரு வீடாகத் திறந்து, விளக்கைப் போட்டுப் பூட்டிவிட்டு வருவேன். உள்ளே பெயிண்ட் வாசனையும் என் செருப்புச் சத்தமும் இருக்கும். தண்ணீருக்கு ஒரு குறையும் வரவில்லை. குடிக்க ஆள் இருந்தால்தானே.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம். ஒரு சாயங்காலம் வழக்கம்போல ஸ்விட்சுகளைப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு வந்தேன். கரண்டு போயிருந்தது. கொசுவை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று அத்தனை வீட்டிலும் விளக்கு ஒன்றாக எரிந்தது. சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், வாய் தானாகக் கத்திவிட்டது:

"ஏய்... கரண்டு வந்துடுச்சு!"

எந்தத் தெருவிலும் அந்தக் கூச்சலுக்குப் பதில் கூச்சல் வரும். எரிகிற ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நானும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு இறங்கிப் போய்ச் சோறு போட்டுக்கொண்டேன்.

அடுத்த கிராம சபையில், பின்னால் இருக்கும் கொல்லையிலும் வீடு கட்டப் போவதாகப் பேச்சு வந்தது. யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று தலைவர் கேட்டதும் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. எழுந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் தலைவரே. அதுலயாவது ஆளுங்க குடி வருவாங்களா?"

இரண்டு பேர் சிரிக்க ஆரம்பித்தார்கள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"அத நான் எப்பிடி சார் சொல்ல முடியும்?" என்றார் தலைவர்.

நியாயம்தான். உட்கார்ந்துவிட்டேன்.