இரண்டு முறை வடிகட்டிய ரசம்

தேவனேரிக் குப்பத்திலிருந்து முதன்முதலாக டாக்டருக்குப் படித்தவன் மூர்த்தி. அதைச் சொல்லாமல் அவன் அக்கா சம்பூர்ணம் யாருக்கும் மீன் விற்றதில்லை. அவள் ஐந்தாவதோடு நின்றவள். ஆனாலும் தம்பி செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நாள், தேறிய நாள், மேற்பயிற்சிக்குச் சென்னை போன நாள் மூன்றும் அவளுக்கு மனப்பாடம். கடைசியது 1975 ஜூலை ஏழு, திங்கட்கிழமை.

"அது இன்னா படிப்பு?" என்று கேட்டாள் பக்கத்துக் கூடைக்காரி குப்பம்மா.

"ஒவ்வாமை. சில பேருக்குச் சில பொருள் ஒடம்புக்கு ஒத்துக்காது. அது இன்னா பொருள்னு கண்டுபுடிக்கிறது."

"எனக்கு என் மாமியாரு ஒத்துக்கல. அதுக்கு ஊசி கீதா உன் தம்பிகிட்ட?"

சம்பூர்ணமும் சிரித்தாள். ஆனால் அந்தப் படிப்பை அவள் விளையாட்டாக நினைக்கவில்லை. வீட்டுத் தூசி, பூந்தாது, கரப்பான், காய்ந்த இறால் என்று ஒவ்வொன்றையும் தம்பி தன் கையாலேயே அரைத்து, உப்புநீரில் ஊறவைத்து, சாறு எடுப்பான். நோயாளியின் முன்கையில் ஒரு துளி வைத்து ஊசிமுனையால் மெல்லக் குத்துவான். கால்மணி நேரத்தில் அந்த இடம் தடித்தால் குற்றவாளி பிடிபட்டது என்று அர்த்தம். "ரெண்டு தபா வடிகட்டணும்க்கா, ஒரு தூசு தங்கக் கூடாது" என்று அவன் சொன்னது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அவளும் எதையும் இரண்டு முறை செய்கிறவள்.

இறால் அவள் அனுப்பியது. தலை கிள்ளி, மணல் போக அலசி, மூன்று வெயில் காயவைத்து, மாதம் ஒரு பொட்டலம். அந்தத் தூள் எட்டு மாதமாகத் தம்பியின் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அது அவன் மூச்சுக்கே உலை வைக்கும் என்று பொட்டலம் கட்டிய கைக்குத் தெரியாது.

மறு வருஷம் மாசியில் வந்தபோது வாசலிலேயே ஒன்பது தும்மல் போட்டான். சித்திரையில் கண் வீங்கியது. ஆனியில் இறால் அவிக்கும் கொட்டகையைத் தாண்டும்போது நின்று மூச்சு வாங்கினான். தேதிகளைச் சம்பூர்ணம் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தாள். ஊர்க்கண் என்று நினைத்து உப்பு சுற்றிப் போட்டாள்.

வேறு இரண்டு விஷயங்களும் அவளை உறுத்தின. தட்டில் இறால் விழுந்தால், "வயிறு சரியில்லக்கா" என்று ஒதுக்கினான். போதாததற்கு ஒரு சின்ன எவர்சில்வர் பெட்டியைப் போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தான். உள்ளே கண்ணாடி ஊசியும் இரண்டு மருந்துக் குப்பிகளும். வந்ததும் ஊசியைக் கொதிக்கவைக்கச் சொல்வான். அவள் கடிகாரம் பார்த்து இருபது நிமிஷம் கொதிக்கவைப்பாள்.

"யாருக்குடா இது?"

"யாருக்காச்சும் மூச்சு அடைச்சா. அரை அளவு, தொடையில. வேற ஒண்ணும் இல்ல."

அந்த யாரோ தான்தான் என்று அவன் சொல்லவில்லை. பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. புதுச்சாறு எடுத்தால் முதல் குத்து தன் கையில். பங்குனியில் இறால் சாற்றைக் குத்திக்கொண்டபோது முன்கை ரூபாய்க் காசு அகலத்துக்குத் தடித்தது. இறால் ஆகாத உடம்புக்கு நண்டும் ஆகாது என்று அவனுக்குத் தெரியும். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். வலைக்காரன் பிள்ளைக்கு இறால் ஆகாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஐப்பசியில் மழையோடு வந்தான். மூக்கு அடைத்திருந்தது, நெஞ்சு விசிலடித்தது. எங்கள் பக்கத்தில் நெஞ்சுச் சளிக்கு ஒரே மருந்து நண்டு ரசம். சம்பூர்ணம் ஆறு நண்டை ஓட்டோடு இடித்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டாள். பட்டணத்துச் சாப்பாடு அவன் நாக்கைக் கெடுத்துவிட்டது, நண்டு என்றால் தொடமாட்டான் என்று நினைத்தாள். அதனால் வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். அவன் சொன்னது ஞாபகம் வர, இன்னொரு முறையும் வடிகட்டினாள். ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட இல்லை.

"இன்னா ரசம்க்கா?"

"மிளகு ரசம்டா. சூட்டோட குடி."

அடைத்த மூக்குக்கு வாசனை தெரியவில்லை. ஒரே மூச்சில் குடித்தான். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் உதடு தடித்தது. கழுத்தைச் சொறிந்தான். குரல் கம்மிப்போய், "நண்டா?" என்றான்.

"ஆமாண்டா, சளிக்கு..."

"பெட்டி" என்றான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. சுவரோடு சரிந்தான். முகம் சாம்பலாகிக்கொண்டு வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவன் மூச்சு அத்தனை நேரம் காத்திருக்காது.

காலையில் கொதிக்கவைத்த ஊசி பெட்டியில் இருந்தது. அவன் விரல்கள் குப்பியைப் பிடிக்க முடியாமல் நழுவின. நாளுக்கு ஆயிரம் இறால் தலை கிள்ளிய கை அவளுடையது. முந்தானையைச் சுற்றிக் குப்பியின் கழுத்தை ஒடித்தாள். மருந்தை உறிஞ்சி, காற்றைத் தள்ளி, அரைக்கோட்டில் நிறுத்தி, இரண்டாம் முறையும் பார்த்துக்கொண்டாள். பிறகு தொடையில் குத்தினாள்.

அவள் நூற்றெண்பது வரை எண்ணினாள். அதற்கப்புறம்தான் அவன் நெஞ்சு கொஞ்சம் ஏறி இறங்கியது. வழியில் வந்த காய்கறி லாரியை மறித்து ஏற்றினார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது மறுபடி இழுத்தது. ஓடுகிற லாரியிலேயே இரண்டாவது குப்பியையும் ஒடித்தாள். இனிப் பெட்டியில் ஒன்றும் இல்லை. பத்து மைல் பாக்கி இருந்தது. அவன் மூச்சின் மேல் காதை வைத்தபடியே போனாள்.

பிழைத்தான். பயிற்சியையும் முடித்தான். ஆனால் குப்பத்துக்கு அவன் வரவில்லை. மூச்சை அடைக்கக் கொட்டகை ஆவியே போதும் என்று பெரிய டாக்டர் எச்சரித்திருந்தார். மாதம் ஒரு ஞாயிறு செங்கல்பட்டு ரயிலடியில் சந்தித்தார்கள். மீன் படாத தனிச் சட்டியில் சமைத்து, சலவைப் புடவை உடுத்தி, கைகளைப் புளிபோட்டு இரண்டு முறை தேய்த்துக் கழுவிக்கொண்டு போவாள்.

எழுபத்தெட்டு தை மாதம். சோற்றுப் பாத்திரத்தை நீட்டினாள். அவன் வாங்கியதும் வளையல்களை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் நாலு தடிப்பு, சிவப்பாக.

"இறால் உரிக்கும்போது வருது. நேத்து இருமலும் வந்துச்சி" என்றாள். "உன்ன மாதிரி நான் மறைக்கல, பாத்துக்கோ."

மூர்த்தி சோற்றைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். பிறகு எவர்சில்வர் பெட்டியை எடுத்து அவள் மடியில் வைத்தான்.