மறுக்கா கேட்டு வாங்கிய குருமா

நிறுத்தமே இல்லாத இடத்தில், கரடியூரில் என் வீட்டு வாசலில் பஸ் நின்றபோதே மனசுக்குச் சரியாகப் படவில்லை. டிரைவர் இறங்கி வந்து, "பழனிச்சாமி அண்ணன் தவறிட்டாருங்க" என்றார். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் அவர் பஸ் ஓட்ட, கூடவே கண்டக்டராக விசில் ஊதி என் காலம் போயிற்று. அந்த வண்டியில் ஏறிய உங்களுக்கெல்லாம் அவர் வளைவில் பதறாத டிரைவர். எனக்கு அவர் பட்டாணிக்காரர்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்குப் பின்னால் அவர் வீடு. கொல்லையில் ஆள் உயரம் தாண்டிப் படரும் கொடிப் பட்டாணி. அவருடைய அப்பா காலத்து விதை. பாக்கெட் விதையில் வரும் குட்டைச் செடியை அவர் மதிக்கவே மாட்டார். கொடி ஏறுவதற்கு, எஸ்டேட்டில் கவாத்து செய்து வெட்டிப் போட்ட காப்பிக் கிளைகளைக் கேட்டு வாங்கி பஸ்ஸின் மேலேயே ஏற்றிவிடுவார். ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்து அவருக்கே லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். மனுஷன் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "சட்டம்னா சட்டந்தானுங்க, கண்டக்டரே" என்று வண்டியை எடுத்தார்.

எனக்கும் விதை கொடுத்தார். முளைத்த கொடியைச் சணல் போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன். "குச்சியக் காட்டுனாப் போதுங்க, புடிச்சிக்கிறது அதோட வேல" என்று அவிழ்த்துவிட்டார். காய்ந்த கொடியைப் பிடுங்காமல் வேலியிலேயே விட்டதற்கும் எனக்குத் திட்டு விழுந்தது.

ஒரு வருடம் அவர் வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் சொல்லாமல் வந்து தங்கினார்கள். அவர் மனைவி சரோஜா, பரணில் கிடந்த டப்பாவிலிருந்து காய்ந்த பட்டாணியை எடுத்து ஊறவைத்து, காலையில் பூரிக்குக் குருமா வைத்துவிட்டார். விதைக்கென்று பட்டாணிக்காரர் வைத்திருந்தது மொத்தமும் அதுதான். அந்த விதைக்கே உரிய, மணிக்கு மணி இருந்த கறுப்புப் புள்ளியைத் தட்டில் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. எதையும் காட்டிக்கொள்ளாமல், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

அன்று மதியமே கரடியூர் வந்து, நடந்ததைச் சொல்லி, என்னிடம் விதை இருக்கிறதா என்று கேட்டார். நான் எங்கே எடுத்து வைத்தேன்! அவர் முகம் சுருங்கிப்போயிற்று. சரி, பார்ப்போம் என்று வேலிக்குப் போனோம். பிடுங்காமல் விட்ட கொடியில் நாலைந்து நெற்று கலகலத்தது. அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "உங்க சோம்பேறித்தனத்துக்கு ஒரு கும்புடுங்க" என்றார். கிளம்பும்போது, "சரோஜாவுக்குத் தெரிய வேண்டாமுங்க, நொம்ப வருத்தப்படும்" என்று மட்டும் சொன்னார். அந்த நாலைந்து நெற்றிலிருந்து மறுபடி அவர் கொல்லை நிறைந்தது. நானும் மூச்சு விடவில்லை.

காரியம் முடிந்த அன்று சரோஜா என் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தார். உள்ளே கறுப்புப் புள்ளி வைத்த பட்டாணி. வருடா வருடம் புது விதையில் ஒரு பிடியை அவருக்குத் தெரியாமல் எடுத்துத் தனியாக வைத்து வந்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"அன்னைக்கு மறுக்கா கேட்டு வாங்குனாரே, அப்பவே அது வெதப் பட்டாணின்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுங்கண்ணா. அவருக்குப் பட்டாணிக் குருமாவே புடிக்காதுங்க. மறைக்கணும்னு அவ்வளவு மெனக்கெட்டாரு, கெடுப்பானேன்னு நானும் உட்டுட்டேன்."

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

இன்று காலை அந்த விதையை ஊன்றினேன். குச்சி நட்டிருக்கிறேன், சணல் எடுக்கவில்லை. ஒரு கொடியை மட்டும் பிடுங்காமல் வேலியிலேயே காயவிடுவேன். சோம்பேறி என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அதற்குக் கும்பிடு போட்ட மனுஷன் ஒருத்தர் எனக்கு இருந்தார்.